கடுவெலைக்கு அப்பால் நின்ற கார்

கஸ்பர் வென்றெடுத்தவை இவை. லிந்துலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட சொந்தக் கராஜ் ஒன்று. தோட்டத்து லய வீட்டில் பிறந்தவனை டவுன் முதலாளிமாரும் ‘பாஸ்’ என்று கூப்பிடும் மரியாதை; மெக்கானிக்குகளை அப்படிக் கூப்பிடுவது இந்த நாட்டு வழக்கம்தான் என்றாலும் எல்லா மெக்கானிக்குக்கும் அது கிடைத்துவிடுவதில்லை. பிரேமினி என்ற நல்ல மனைவி. அவளுடைய அப்பா கோயில் வாசல் வரைக்கும் சம்மதிக்கவில்லை, அங்கேதான் மனம் மாறினார். ஒரு முறை கைநழுவிப் போய், திரும்பவும் வந்த நல்ல பெயர். நாற்பத்தைந்து வயதில் எடுத்த சாரதி அனுமதிப்பத்திரம். இவற்றில் எதையும் அவனுக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

கடைசி இரண்டும் ஒரே காரால் வந்தவை. அந்தக் காரின் கதையைச் சொன்னாலே அவன் எப்படிப்பட்டவன் என்பது விளங்கிவிடும்.

கஸ்பர் 1979இல், லிந்துலைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் பிறந்தான். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை. அக்கா தெரேசா ஆறு வயது மூத்தவள். அவள் பிற்பாடு, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கஸ்பர் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நெருப்புக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியிலும் வீட்டிலுமாக ஒரு வருடத்தின் பெரும்பகுதி படுத்துக் கிடந்தான். எழுந்து போனபோது அவனை மறுபடியும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். முழங்கால் மேசைக்கு அடியில் நுழையவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்தான். பிறகு பள்ளிக்கூடத்துக்கென்று புறப்பட்டு, தொழிற்சாலைக்குப் பின்னால் லொறி நிறுத்தும் கொட்டிலுக்குப் போய்விடுவான். லொறி கழுவினான், டயர் உருட்டினான், கீழே விழுந்த நட்டுகளைப் பொறுக்கினான். அம்மா அடித்துப் பார்த்தார். தெரேசா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் விட்டுப் பார்த்தாள். அவள் வீடு திரும்புவதற்குள் அவன் கொட்டிலில் இருந்தான்.

எழுத்து அத்தோடு நின்றது. இலக்கங்கள் தெரியும். சாமான் பெட்டிகளின் மேல் இருக்கும் பெயர்களைப் படம் பார்ப்பது போலப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வான். தன் பெயரை எழுதச் சொன்னால் பெருவிரலை நீட்டுவான். அந்த விரலும் ஒழுங்காக உதவவில்லை. வேலை பழகிய காலத்தில் ஃபேன் பெல்ட்டில் சிக்கி, இடது பெருவிரலின் குறுக்கே ஆழமாக வெட்டுப்பட்டு ஆறியிருந்தது. மீதி ரேகையைக் கிறீசும் இரும்பும் தேய்த்துவிட்டன. அடையாள அட்டைக்குப் போனபோதும் மை அப்பிக்கொண்டு கறுப்பு வட்டமாகத்தான் விழுந்தது. கலியாணப் பதிவின்போதும் அப்படியே. பதிவாளர் துடைத்துத் துடைத்துத் திரும்ப வைக்கச் சொன்னார். மணப்பெண்ணின் சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு கையெழுத்துக் கேட்கும் இடத்துக்கு அவன் போனதில்லை.

சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்காமல் இருந்ததற்கும் அதுவே காரணம். ஓட்டத் தெரியாதவன் அல்ல. கராஜின் எல்லைக்குள் எந்த வண்டியையும் ஒரு கையால் பின்னோக்கி விடுவான். ஆனால் பாதைக்கு இறங்கிவிட்டால் வண்டியின் சொந்தக்காரர்தான் ஓட்ட வேண்டும். கஸ்பர் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்பான். காது கொடுத்துக் கேட்பதற்காகத்தான் பாஸ் ஓட்டுவதில்லை என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். அவனும் அப்படி இல்லை என்று சொல்லவில்லை.

கேத்ரின் தலவாக்கலையில் ஹயர், அதாவது வாடகைக் கார், ஓட்டுகிறவள். புருஷன் இறந்த பிறகு அவருடைய பழைய வெள்ளைக் காரை அவளே ஓட்டத் தொடங்கினாள். ஸ்டாண்டில் இருந்த ஒரே பெண் அவள்தான். காபரேட்டர் வைத்த பழைய எஞ்சின், தகரத்தால் ஆன பெற்றோல் டேங்க். புருஷன் காலத்திலிருந்தே அந்தக் காருக்குக் கஸ்பரைத் தவிர வேறு யாரும் கை வைத்ததில்லை.

2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றது. பிறகு அளந்து அளந்து கொடுத்தார்கள். அந்தக் கட்டுப்பாடு அடுத்த வருடம் நீங்கியதும், மலையில் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். பெற்றோல் ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் டேங்கை வாய்வரை நிரப்பினார்கள். நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம் உடம்பை விட்டுப் போகவில்லை. அப்படி நிரப்பிய டேங்கோடு வளைவுகளில் ஏறும்போது, மூடியில் காற்றுக்காக விட்டிருக்கும் சின்னத் துளை வழியே பெற்றோல் கசியும். வாடை காருக்குள் வரும். நுவரெலியாவில் ஏறி உடப்புசல்லாவைக்குப் போகிறவர்கள் ராகலை வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார்கள்.

அதற்குக் கஸ்பர் ஒரு வைத்தியம் வைத்திருந்தான். உடுப்புக் கழுவும் சவுக்காரத்தைப் பிசைந்து, மூடியின் உட்புறத்தில் அந்தத் துளையின் மேல் அப்பி, பெருவிரலால் அழுத்திவிடுவான். சுற்றிலும் பழைய டியூபில் வெட்டிய ஒரு வளையம். சவுக்காரம் பெற்றோலில் கரையாது. டேங்க் ஒழுகினால் சவுக்காரம் அப்புவதை அவன் லொறிக் கொட்டிலிலேயே பார்த்திருக்கிறான். கேத்ரினின் காருக்கு அப்படிச் செய்ததும் வாடை நின்றது. அவள் ஸ்டாண்டில் போய்ப் புகழ்ந்தாள். மற்ற வண்டிகளும் வந்தன. அந்த வேலைக்கு அவன் யாரிடமும் கூலி வாங்கவில்லை. அதை மூடிக்கும் வைக்கலாம் என்பது தன் மூளையில் உதித்தது என்ற பெருமை அவனுக்குப் போதுமாக இருந்தது.

2024 மாசியில் கேத்ரினுக்கு விமான நிலைய ஹயர்கள் கிடைக்கத் தொடங்கின. சிலர் பங்குனி என்பார்கள், மாசிதான் சரி. வெளிநாட்டு வேலைக்குப் போகிற பெண்கள், இன்னொரு பெண் ஓட்டும் காரில் போக விரும்பினார்கள். ஹட்டன், கினிகத்தேனை, அவிசாவளை என்று இறங்கி, கடுவெலையில் அதிவேகப் பாதைக்கு ஏற வேண்டும். முதல் பயணத்திலேயே, ஏறிச் சற்றுத் தூரம் மணிக்குத் தொண்ணூறு கிலோமீற்றரில் போனதும், எஞ்சின் இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டு அணைந்துபோனது. ஓரத்தில் நிறுத்திக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். சாவியைத் திருப்பியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடியது.

கஸ்பர் பெற்றோல் ஃபில்டரை மாற்றி, காபரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினான். நுவரெலியா வரை கேத்ரின் ஓட்ட, அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து வந்தான். குறை எதுவும் இல்லை. அடுத்த ஹயரில் கடுவெலைக்கு அப்பால் கார் நின்றது. பிளக்குகளையும் கொயிலையும் மாற்றினான். மலையில் நன்றாக ஓடியது. கடுவெலைக்கு அப்பால் நின்றது. பெற்றோல் பம்பையே புதிதாகப் போட்டான். அதற்கும் அப்படியே. மலைப் பாதையில் முள் ஐம்பதுக்கு மேல் ஏற இடமில்லை. தொண்ணூறில் மட்டும் வரும் நோயை ஐம்பதில் தேடிக்கொண்டிருந்தான். கார் நின்று கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் ‘டொம்’ என்று ஒரு சத்தம் கேட்டதாகக் கேத்ரின் ஒரு நாள் சொன்னாள். பெட்டி சரிந்திருக்கும் என்று சொல்லிவிட்டான்.

அந்தப் பயணங்களில் ஒன்றில், கத்தாருக்குப் போக வேண்டிய ஒரு பிள்ளை கவுண்டர் மூடும் நேரத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. விமானத்தைப் பிடித்துவிட்டாள். ஆனால் அவள் கத்தாரில் இறங்குவதற்கு முன்னாலேயே செய்தி ஊருக்கு வந்து சேர்ந்தது. ஸ்டாண்டில் மூத்த சாரதி செல்லசாமி. எதையும் சிரிக்காமல் சொல்லுகிற ஆள். தேத்தண்ணிக் கடையில் கஸ்பர் பின்னால் உட்கார்ந்திருப்பது தெரிந்தே சொன்னார்:

“கஸ்பர் பாஸ் செஞ்ச காருன்னா கடுவெல வரைக்கும் கேரண்டி. அதுக்கு அங்கிட்டு கர்த்தர்தான் தள்ளிக்கிட்டுப் போகணும்.”

கடை முழுக்கச் சிரித்தது. கஸ்பர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தான். ஆனால் அந்த மாதம் வழக்கமாக வரும் வேன்கள் இரண்டு ஹட்டனில் வேறு கராஜுக்குப் போயின. பிரேமினி கேட்டதற்கு, சாமான் வாங்கப் போயிருக்கும் என்றான். கராஜில் வேலை இல்லாத நேரத்தில் ஸ்பேனர் சாவிகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் இருந்த சொத்து ஒன்றுதான்: கஸ்பர் செய்தால் வண்டி நிற்காது என்ற பேச்சு. அது போய்விட்டால் தகரக் கூரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனியில் கேத்ரின் வந்து கராஜ் வாசலில் நின்றாள். சொல்ல வந்ததைச் சொல்ல அவளுக்கே கஷ்டமாக இருந்தது.

“இன்னொரு தடவ நின்னா கண்டிக்குத்தான் கொண்டுபோகணும் அண்ணே. கோவிச்சுக்காதீங்க. ஆளுங்க பயப்புடுறாங்க.”

“ஆள் ஏத்தாம எப்ப கீழ போறீங்க தங்கச்சி?”

குவைத்திலிருந்து திரும்பும் நாகலெட்சுமி என்ற பெண்ணை அழைத்துவர வியாழக்கிழமை போக வேண்டும் என்றாள். போகும்போது கார் காலி.

“நானும் வாறேன். நிக்கிற எடத்துலயே பார்ப்போம்.”

கஸ்பர் அதுவரை அதிவேகப் பாதையைக் கண்ணால் கண்டதில்லை. கடுவெலையில் ஏறியதும் கேத்ரின் கியரை மாற்றி மிதித்தாள். அவன் வழக்கம்போலக் கண்ணை மூடினான். முள் எழுபது, எண்பது என்று ஏற, எஞ்சின் அவன் அறியாத ஒரு குரலில் பாடத் தொடங்கியது. தன் கையால் எத்தனையோ தடவை கழற்றிப் பூட்டிய எஞ்சின். அதற்குள் இப்படி ஒரு குரல் இருப்பது அவனுக்குத் தெரியாது. அதிலே குறை ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இழுத்தது. மறுபடி இழுத்தது. பிறகு டயரின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

காரை ஓரத்தில் நிறுத்தி பொனட்டைத் தூக்கினார்கள். கண்ணாடி போன்ற ஃபில்டருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. பம்ப் புதியது. டேங்கில் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. கஸ்பர் எஞ்சினிலிருந்து பின்னோக்கிக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் படுத்து, காரின் அடியில் பார்த்தான். டேங்கின் தகரம் உள்நோக்கி ஒட்டிப்போயிருந்தது, பட்டினி கிடந்தவன் வயிறு மாதிரி.

எழுந்து மூடியைத் திருகினான். முதலில் அசையவில்லை. இரண்டு கையாலும் திருகியபோது, டேங்க் நீண்ட மூச்சு ஒன்றை உள்ளே இழுத்தது. அடுத்த நொடி தகரம் ‘டொம்’ என்று பழைய இடத்துக்கு வந்தது. கேத்ரின் சொன்ன சத்தம் அதுதான்.

டேங்கிலிருந்து பெற்றோல் போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அந்தத் துளை இருப்பதே அதற்குத்தான். மலையில் எஞ்சின் மெதுவாகக் குடிக்கும். மூடியின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நுழையும் காற்றே போதும். தொண்ணூறில் போகும்போது எஞ்சின் மடமடவென்று குடிக்க, டேங்க் மூச்சடைத்துப்போய்ப் பெற்றோலை விடாமல் பிடித்துக்கொண்டது. நிறுத்திவைத்தால் மெல்லக் காற்று ஏறும், மறுபடி ஓடும். அவ்வளவுதான் நோய். கழற்றிய பாகம் எதிலும் அது இல்லை.

மூடியைத் திருப்பிப் பார்த்தான். சவுக்காரம் மஞ்சளாக, கல்லுப்போல இறுகியிருந்தது. அதன் நடுவில் ஒரு பெருவிரல் பதிந்திருந்தது. குறுக்கே வெட்டுத் தழும்பு. எந்த அலுவலகத்துக் காகிதத்திலும் ஒழுங்காக விழாத அந்த விரல், இங்கே சுத்தமாக விழுந்திருந்தது.

கேத்ரின் முன்பக்கம் நின்றாள். ரோந்து வாகனத்தில் வந்த அதிகாரி ஒருவர், இங்கே நிறுத்தக்கூடாது என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்கியிருந்த பொனட் கஸ்பரை மறைத்தது. நகத்தால் கிள்ளினால் சவுக்காரம் வந்துவிடும். புல்லில் எறிந்துவிட்டு, பம்பில் ஒரு வயர் லூசாக இருந்தது என்று சொன்னால் போதும். கார் இனி நிற்காது. கஸ்பர் பாஸ் கண்டுபிடித்துவிட்டார் என்று ஸ்டாண்டே சொல்லும். அவன் நகத்தை வைத்தும் பார்த்தான். பக்கத்தில் வாகனங்கள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன.

பிறகு மூடியை அப்படியே எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனான்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா அண்ணே?”

“கண்டுபிடிச்சேன். செஞ்ச ஆளையும் கண்டுபிடிச்சேன்.” மூடியைத் திருப்பி அவளிடம் நீட்டி, பக்கத்திலே தன் பெருவிரலையும் வைத்துக் காட்டினான். “யார் விரலு, பாருங்க.”

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க அன்னிக்கு வாடைக்கு வச்சது.”

“நாலு மாசமா மத்ததெல்லாம் கழட்டினேன். இத மட்டும் தொடல. நான் செஞ்சதுல பிழை இருக்கும்னு நெனைக்கவே இல்ல.”

கேத்ரின் விமான நிலையப் பக்கம் போகும் பாதையைத் திரும்பிப் பார்த்தாள். கத்தாருக்குப் போன பிள்ளை பெட்டியோடு ஓடியது அவள் கண்முன் வந்திருக்க வேண்டும். அதிகாரி என்ன என்று கேட்டார். அவள் சிங்களத்தில் சொல்ல, சவுக்காரமா என்று திரும்பக் கேட்டுச் சிரித்துவிட்டு, சீக்கிரம் எடுக்கச் சொல்லிப் போனார். அந்தச் சிரிப்பு அவளையும் தொற்றியது.

“எங்க வீட்டு மாப்பிள்ளையப் புகழ்ற மாதிரி இந்தச் சவுக்காரத்த ஸ்டாண்டு முழுக்கப் புகழ்ந்து வச்சிருக்கேனே அண்ணே. அவங்க கார்லயும் இருக்குமே.”

“இருக்கு. அதத்தான் யோசிக்கிறேன்.”

ஸ்குரூ டிரைவரால் சவுக்காரத்தைப் பெயர்த்தெடுத்து, துளையைக் கம்பியால் குத்தித் துப்புரவாக்கினான். பெயர்த்த துண்டை முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நாகலெட்சுமி மூன்று பெரிய பெட்டிகளோடு காத்திருந்தாள். திரும்பி வரும்போது கேத்ரின் வேண்டுமென்றே மிதித்தாள். கார் நிற்கவில்லை. நாகலெட்சுமி தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் கேத்ரின் வாய் திறப்பதற்கு முன்பே கஸ்பர் ஸ்டாண்டுக்குப் போனான். இருந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, பிழை தன்னுடையது என்றும், தான் சவுக்காரம் வைத்த மூடிகளை எல்லாம் கொண்டுவரும்படியும் சொன்னான். செல்லசாமி தன் காரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

“அப்ப என் கார்ல இருக்கிறதும் ஒங்க கைநாட்டுத்தானா?”

“ஆமாண்ணே. கழட்டிக் குடுங்க, எடுத்துர்றேன்.”

“கெடக்கட்டும் பாஸ். நான் கடுவெலப் பக்கமே போறதில்ல.”

“போவீங்க. ஒங்க மகளே வெளிநாடு போகும்.”

செல்லசாமி மூடியைக் கழற்றிக் கொடுத்தார். டேங்கை வாய்வரை நிரப்ப வேண்டாம், நாலு விரல் இடம் விட்டால் கசியாது என்று கஸ்பர் ஒவ்வொருவரிடமும் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள், பாதிப் பேர் இன்றைக்கும் வாய்வரைதான் நிரப்புகிறார்கள். கொஞ்ச காலம் அவனுக்குச் ‘சவுக்காரப் பாஸ்’ என்று பெயர் இருந்தது. ஹட்டனுக்குப் போன வேன்களில் ஒன்று ஆடியில் திரும்பி வந்தது. மற்றது வரவே இல்லை. புதிதாக இரண்டு வண்டிகள் வந்தன. தன் பிழையைத் தானே சொன்ன பாஸ் எங்கே இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு வந்தவை அவை.

மூடிகளைக் கழற்றிய அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கஸ்பர் அக்கா வீட்டுக்கு வந்தான். தெரேசா எட்டாம் வகுப்புவரை படித்தவள். லைசன் எடுக்கப் போவதாகவும், பெயரை எழுதக் காட்டும்படியும் கேட்டான். இத்தனை காலம் இல்லாமல் இப்போது என்ன என்று அவள் கேட்டாள்.

“நான் ஓட்டியிருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும் அக்கா. மிதிக்க மிதிக்க எஞ்சின் பட்டினி கெடக்கிறது காலுக்குத்தான் தெரியும். காதுக்குத் தெரியாது.”

கைநாட்டு வைத்தாலும் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வார்கள், விசாரித்துப் பார்க்கிறேன் என்றாள் தெரேசா. அவன் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, அவிழ்த்து, சவுக்காரத்தை மேசையில் வைத்தான்.

“கைநாட்டு வச்சாச்சு அக்கா. அது போதும்.”

அவள் பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். அவன் அதைக் கராஜ் சுவரில் ஒட்டிவைத்து, வேலை இல்லாத நேரங்களில் சீமெந்துத் தரையில் சோக்கால் எழுதிப் பழகினான். இரண்டாவது எழுத்து வளைந்த ஸ்பிரிங் போல இருக்கிறது என்று குறைபட்டான். வண்டி கொண்டுவந்தவர்கள் தரையில் இருந்த பெயரை மிதிக்காமல் தாண்டி நடந்தார்கள். செல்லசாமி ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, வழக்கம்போலச் சிரிக்காமல், கடைசி எழுத்துக்குக் கால் குட்டை என்றார். கஸ்பர் அதை நீட்டினான்.

நுவரெலியாவில் மோட்டார் வாகன அலுவலகத்துக்குத் தெரேசாவும் கூடப் போனாள். வரிசை நீளமாக இருந்தது. கவுண்டரில் இருந்தவர் அவனுடைய கைகளைப் பார்த்துவிட்டு, கேட்காமலே மைப் பெட்டியை முன்னால் தள்ளினார். கஸ்பர் அதை மெதுவாகத் திரும்பத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டான். பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்து முணுமுணுத்தார்கள். அவன் அவசரப்படவில்லை. நான்கு எழுத்தையும் எழுதி, கடைசி எழுத்தின் கால் சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

கஸ்பர் தன் பெயரை முதன்முதலாகக் கையெழுத்தாக வைத்தது 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 9ஆம் திகதி, திங்கட்கிழமை.